நாற்பத்தேழாவது கேள்வி

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் தோள்பையும் என் ஊர்களும் அவள் கைக்குத்தான் போயின. சூட்டிகையான பிள்ளை. ஆனால் அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே குரலில் சூடு பறந்தது.

"அக்கா, அந்த நாப்பத்தேழாவது கேள்வியை எந்தப் புண்ணியவான் எழுதுனது? செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னுதான் கேக்க வேண்டியிருக்கு, ஓடுறதுக்கு வசதியா!"

எங்கள் கேள்வித்தாள் இதய நோயையும் புற்றுநோயையும் பற்றியது. நாற்பத்தாறாவது கேள்வி, கடந்த ஓராண்டில் நெஞ்சுவலி வந்ததா என்று கேட்கும். நாற்பத்தெட்டாவது கேள்வி, வாயில் ஆறாத புண் உண்டா என்று கேட்கும். இரண்டுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது இது: "உங்கள் மகளை எந்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்?"

"திருச்சுழியில ஒருத்தர், 'நெஞ்சுவலியைக் கேக்க வந்தியா, பொண்ணு கேக்க வந்தியா'ன்னு வெரட்டிட்டாருக்கா. நரிக்குடிப் பக்கம் ஒரே ஒரு அம்மாதான் கோவிச்சுக்கல. கேள்வியைப் படிச்சதும் சிரிக்க ஆரம்பிச்சவுக நிறுத்தவே இல்ல. கண்ணுல தண்ணி வந்துருச்சு. கடைசியில, 'இந்தக் கேள்விக்குக் காரணமானவளுக்கு போனைப் போடு, அவளே சொல்லுவா'ன்னுட்டாக."

அதனால்தான் இதை எழுதுகிறேன். கவிதாவுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பின்னால் வருகிறவர்களும் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கப் போகிறார்கள். ஊர்ப் பெயர்களை எழுத மாட்டேன், ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு அது, ஓய்வூதிய வயதில் அதை மீறுவதாக இல்லை.

நான் அருப்புக்கோட்டைக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டோடு இருந்துவிட்டு, நாற்பது வயதில் எந்த வேலை கிடைத்தாலும் போவது என்றிருந்த காலத்தில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்குக் களப்பணியாளர் தேவை என்றார்கள். ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் நினைவுக்கு வந்தன. கிடைத்தது ஒரு தோள்பை, எடை பார்க்கும் இயந்திரம், இடுப்பளக்கும் டேப், ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டி, வாய்க்குள் அடித்துப் பார்க்க ஒரு டார்ச் லைட். வெயிலை மட்டும் எடுத்துப் போக வேண்டியதில்லை, அது அங்கேயே இருந்தது.

மூன்று மாதப் பயிற்சியில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. டாக்டரம்மா கற்றுக்கொடுத்த ஐந்து நிமிடம் மட்டும் மறக்கவில்லை.

டாக்டரம்மாதான் எங்களுக்கு மேலதிகாரி. ஒல்லியான உருவம், அதைவிட ஒல்லியான குரல். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இது. ஆள் அரை மணி நேரத்துக்கு முன்பே டீ, பீடி, வெற்றிலை எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும். கைப்பட்டைக்குள் நம் விரல் இரண்டு நுழைய வேண்டும். அதன் பிறகு ஐந்து நிமிடம் ஒருவரும் பேசக் கூடாது. மூன்று தடவை பார்த்து, முதலாவதை விட்டுவிட்டு, மற்ற இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், "என்னமோ எழவுச் சேதி கொண்டாந்திருக்கா, சொல்ல வாய் வரல" என்று வீட்டுக்காரர்கள் கண்கலங்கத் தொடங்கிவிடுவார்கள். ரத்த அழுத்தம் ஏறிவிடும். இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "முதல் வருஷம் ஏறும், மல்லிகா. மூணாவது வருஷம் பழகிடும். நாம பத்து வருஷம் போகப் போறோம்" என்றார். அவர் சொன்னது சரியாக இருந்தது. மூன்றாம் வருடம் என்னைக் கண்டதும் ஆட்கள் தாமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு, காலைப் பதித்து, வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் யாரையும் திட்டியதில்லை. தவறாகத் தெரிந்த எண்ணைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, தாளைத் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். திட்டுகிறவர்களிடம் வேலை பார்ப்பது எளிது, திட்டி முடித்ததும் தீர்ந்துபோகும். பென்சில் வட்டம் ராத்தூக்கத்தில்கூட வரும். என்னோடு சேர்ந்த ஒருவர், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே நாற்பது பேருக்கு ரத்த அழுத்தம் எழுதிவிட்டார். எல்லா எண்களும் பூஜ்யத்தில் முடிந்தன. டாக்டரம்மா அத்தனை பூஜ்யத்தையும் வட்டமிட்டு, "மனுஷ ரத்தம் இவ்வளவு ஒழுங்கா ஓடாது" என்று மட்டும் சொன்னார். அந்த ஆள் மறுநாளிலிருந்து வரவில்லை.

இனி மாத்திரைக் கதைக்கு வருகிறேன்.

ஏற்கெனவே நெஞ்சுவலி வந்தவர்களுக்கும் ரத்த அழுத்தம் ஏறியே கிடப்பவர்களுக்கும், பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த ஒரே மாத்திரையை மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் விடாமல் சாப்பிடுவார்களா, அதனால் நன்மை உண்டா என்று பார்ப்பதுதான், நான் சேர்ந்து நாலு வருடம் கழித்து வந்த புது ஆராய்ச்சி. பாதி ஊர்களுக்குக் கொடுப்போம். மீதி ஊர்களில் அளந்து மட்டும் பார்ப்போம், ஏறியிருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்போம். அங்கேயும் மாத்திரை இலவசம்தான், போய் வாங்க வேண்டும். இரண்டு பக்க ஊர்களிலும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிப்பதும் உண்டு. "இதயத்துக்கு ஆகாததும் புற்றுக்குக் காரணமானதும் பாதி ஒரே பொட்டலத்துல வருது, மல்லிகா" என்பார் டாக்டரம்மா. புகையிலையைச் சொல்கிறார்.

எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். என் பொறுப்பில் இரண்டு ஊர். நரிக்குடிப் பக்கத்து ஊருக்கு மாத்திரை விழுந்தது. திருச்சுழிப் பக்கத்து ஊருக்கு விழவில்லை. அதைச் சொல்லப் போன அன்று அந்த ஊர் மாரிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, உசுரைச் சீட்டுக் குலுக்கியா குடுப்பீக?"

பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பதிலைச் சொன்னேன். எனக்கே அது அரை வேக்காடாகத்தான் இருந்தது. மாரிச்சாமிக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு நூற்று எழுபத்தாறு. சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வருடா வருடம் கொடுத்தேன். அவர் போகவில்லை. ஊரில் நாலு பேர் பார்க்க வரிசையில் நின்றால் சீக்காளி என்று பெயராகிவிடுமாம். அவருடைய சம்சாரம் வெள்ளையம்மா அதற்கு மேல். வெற்றிலையும் புகையிலையும் அதக்கிய வாயை எனக்குத் திறந்து காட்டவே மாட்டார். "எம்புருசனே பாத்ததில்ல, நீ எதுக்குப் பாக்கணும்?" என்பார். ஆறு வருடம் அந்த அம்மாவுக்கு நேராக "வாய்: காட்ட மறுத்தார்" என்று எழுதியிருக்கிறேன்.

நரிக்குடிப் பக்கத்தில் என் செல்லப்பிள்ளை சீனியம்மா. ஐம்பத்தெட்டு வயது, ஏழெட்டு ஆடுகள், நூறு நாள் வேலை. வீட்டுக்காரர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஒருதரம் நெஞ்சுவலி வந்து பிழைத்தவர் என்பதால் மாத்திரைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க நாங்கள் காலி அட்டையை எண்ணி வாங்குவோம். சீனியம்மா காலி அட்டைகளைச் சாமி படத்துக்குப் பின்னால் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார். ஒன்று குறையாது. அந்த ஊர் முழுக்கவே அப்படித்தான். மாதக் கூட்டத்தில் என் ஊரைத்தான் எல்லோருக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

இரண்டு வருடம் கழித்து ஒரு கட்டுத் தாள் திரும்பி வந்தது. உறையைப் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் வட்டம்.

தலைமை அலுவலகத்தில் கணினியில் கூட்டிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். நரிக்குடி ஊரில் அட்டை எல்லாம் காலி, ஆனால் பாதிப் பேருக்கு அழுத்தம் இறங்கவில்லை. மாத்திரையே கொடுக்காத திருச்சுழி ஊரில் சில பேருக்கு நன்றாக இறங்கியிருக்கிறது. மாரிச்சாமிக்கு நூற்று முப்பத்திரண்டு. இரண்டு ஊருக்கும் போனது ஒரே ஆள், நான். ஒன்று தாள்களை மாற்றிப் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அடுத்த வாரம் விசாரிக்க ஆள் வருவதாகக் கடிதம் இருந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். "பொய் எழுதினவ" என்ற பெயரோடு அருப்புக்கோட்டைத் தெருவில் எப்படி நடப்பது?

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து மாரிச்சாமி வீட்டுக்குப் போனேன். மறுபடி அளந்தேன். ஐந்து நிமிடம், மூன்று தடவை. நூற்று முப்பது. என் கை பொய் சொல்லவில்லை.

"மாத்திரை ஏதும் சாப்பிடுறீகளாண்ணே?"

"நானா? சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சது கெடையாது."

கருவியை மடித்து வைக்கும்போது அவர் கம்பங்கஞ்சியைக் குடித்து முடித்தார். துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "செல்வி, அந்தச் சம்படத்தை எடுத்தா தாயி."

மருமகள் செல்வி மூடி போட்ட சின்ன எவர்சில்வர் சம்படத்தோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். மாரிச்சாமி அவளிடமிருந்து வாங்கித் திறந்தார். உள்ளே முழுக்க ஆரஞ்சு நிற மாத்திரைகள், நடுவில் ஒரு கோடு. என் பையில் இரண்டு வருடமாகச் சுமந்த மாத்திரைகள்.

"இது மாத்திரை இல்லையாண்ணே?"

"இதுவா? இது எங்க சம்பந்தகாரவுக அனுப்புற சீரு. பயறு வருது, கம்பு வருது, இதுவும் வருது. ஒடம்புக்குத் தெம்பாமே!"

செல்வி யார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. சீனியம்மாவின் மகள். அவளுடைய ஒரே திருமணத்துக்குப் பத்திரிகை எனக்கு இரண்டு ஊரிலிருந்தும் வந்திருந்தது, இரண்டு பக்கமும் சாப்பிட்டிருக்கிறேன். சீட்டுக் குலுக்கிய பெரியவர்களும் சரி, நானும் சரி, ஊருக்கும் ஊருக்கும் நடுவில் பெண் கொடுத்திருப்பார்களே என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் உட்காரத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை.

அங்கிருந்து நேராக நரிக்குடி பஸ். சீனியம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

"காதுகுத்து வீட்ல வச்சு, அத்தனை சனத்துக்கு முன்னாடி கேட்டுப்புட்டாக தாயி. 'உங்க ஊருக்கெல்லாம் வீடு தேடி மாத்திரை வருதாமே, எங்க வீட்டுலயும் ஒரு மனுசன் ரத்தக்கொதிப்போட கெடக்காருன்னு நெனப்பு வரலையா மதினி'ன்னு வெள்ளையம்மா கேட்டுச்சு. மண்ணுல எது வெளஞ்சாலும் மொதப் படி மக வீட்டுக்குத்தான் அனுப்புறேன். மாத்திரையை மட்டும் நானே முழுங்கிட்டா எம்மக எப்பிடித் தலைநிமிந்து நடப்பா?"

"காலி அட்டை?"

"நீதான் வெத்தட்டையை எண்ணுவியே. மாத்திரையைப் பிதுக்கிச் சம்படத்துல போட்டுட்டு, அட்டையை ஒனக்கு எடுத்து வச்சேன். ஒங்கணக்கும் கொறையக் கூடாதுல்ல."

என் கணக்குக் குறையக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவர் மட்டுமில்லை. அந்த ஊரில் மாத்திரை வாங்கியவர்களில் பாதி, மகளைத் திருச்சுழிப் பக்கம் கொடுத்த ஏழு வீட்டிலும் இதே ஏற்பாடு. நான்தான் அவர்களுக்கு அட்டை எண்ணுவதைச் சொல்லிக் கொடுத்தவள்.

"நெஞ்சு எப்பிடி இருக்கு?"

"மேடேறுனா புடிக்கும். மூச்சை அடக்கி ஒக்காந்துட்டா விட்டுரும். நீ இதை எழுதிராத தாயி. எழுதுனா மாத்திரையை நிறுத்திருவாக. எம்மக வாழுற வீடு அது."

எழுதாவிட்டால் நான் பொய்க்காரி. எழுதினால் இவர் மானம் போகும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, அளந்தேன். நூற்று எண்பத்திரண்டு. மறுபடி பார்த்தாலும் அதேதான்.

நூற்று எண்பதுக்கு மேல் போனால் அந்த இடத்திலிருந்தே டாக்டருக்கு போன் செய்ய வேண்டும் என்பது விதி. அந்த விதிக்கு அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஊருக்குள் டவர் கிடைக்காது. கண்மாய்க் கரை மேல் ஏறி நின்று பேசினேன். எண்ணை மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை.

"காலையில நான் வர்றேன். அதுக்குள்ள வலி வந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரி" என்றார் டாக்டரம்மா. அன்று நான் சீனியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

காலையில் ஜீப் வந்தது. டாக்டரம்மா தானே கைப்பட்டையைச் சுற்றினார். ஆடு ஒன்று வந்து அவர் சேலை முந்தியை மென்றது. ஐந்து நிமிடம் பேசக் கூடாதே, அவர் அதை விரட்டவும் இல்லை. சீனியம்மா கண்ணாலேயே ஆட்டை அதட்டிப் பார்த்தார், ஆடு கேட்கவில்லை. அளவு நூற்று எண்பது. டாக்டரம்மா என் தாளில் இருந்த எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க கை சரியாத்தான் இருக்கு, மல்லிகா."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இன்றுவரை வேறு எதற்கும் பட்டதில்லை.

பிறகு அவர் காலி அட்டைக் கட்டைக் கேட்டார். ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒவ்வொன்றையும் எண்ணாமல் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"தினம் ஒண்ணாப் பிதுக்கின அட்டைன்னா முதல் ஓட்டை பழசாகி, கசங்கி, அழுக்கு ஏறியிருக்கும். கடைசி ஓட்டைதான் பளபளன்னு இருக்கும். இதுல எல்லாமே ஒரே நாள்ல பிறந்த பிள்ளைங்க மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நேத்துத்தான் தெரிஞ்சது."

"ஏன் எழுதல?"

"எழுத, கேள்வித்தாள்ல அதுக்குக் கட்டம் இல்ல மேடம்."

என் வாய் எப்போதும் என்னைக் கேட்டுவிட்டுப் பேசாது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். டாக்டரம்மா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். தைரியம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீனியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மாத்திரையை நிறுத்த மாட்டோம்மா. இப்ப ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று ஜீப்பில் ஏற்றினார். அருப்புக்கோட்டைக்குத் திருச்சுழி வழியாகத்தான் போக வேண்டும். போகிற வழியில் மாரிச்சாமி வீட்டில் இரண்டு நிமிடம் நிறுத்தலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் சீனியம்மா பதறிவிட்டார்.

"சம்பந்தகார வீட்டுக்கு வெறுங்கையோட போறதா? வண்டியைக் கடைவீதியில நிறுத்தச் சொல்லுங்க டாக்டரு."

டாக்டரம்மா வேண்டாமென்றும் கேட்காமல், பாய் கடையில் காரச்சேவும் சீரணி மிட்டாயும் எடை போட்டு வாங்கினார். என்னை மட்டும் கூடவே போகச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா ஜீப்பில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாரிச்சாமி வீட்டில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. சம்படத்தைக் கையில் வாங்கி, "இது இவங்களுக்குக் கொடுத்த மருந்து. நீங்க நல்லா இருக்கீங்க. இவங்க இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறாங்க" என்றார்.

மாரிச்சாமியின் கை மீசைக்குப் போகவில்லை. "தெம்பு மாத்திரைன்னுல்ல நெனச்சேன்" என்று முனகினார். சீனியம்மாவின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. வெள்ளையம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. வெற்றிலையை முற்றத்தில் துப்பிவிட்டு வந்து டாக்டரம்மாவுக்கு நேராக நின்று, கையை நீட்டி, வாயை முழுக்கத் திறந்து கத்தினார்:

"நாங்களா கேட்டோம்? அவுகளா அனுப்புனாக!"

"அப்படியே!" என்றார் டாக்டரம்மா. "வாயை மூடாதீங்க. மல்லிகா, டார்ச்!"

ஆறு வருடம் எனக்குத் திறக்காத வாய், சண்டைக்குத் திறந்துவிட்டது. பழக்கத்தில் என் கை தானாக டார்ச்சை அடித்தது. இடது கன்னத்தின் உள்பக்கம், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளைப் படலம், நடுவில் சிவந்து கெட்டியாக இருந்தது. டாக்டரம்மா உறை மாட்டிய விரலால் தொட்டுப் பார்த்தார். வெள்ளையம்மா திறந்த வாயோடு நின்றார். அதை மூடவும் பயம், பேசவும் பயம்.

ஜீப்பில் போகும்போது, டிரைவர் போக மூன்று பேர் இருந்த இடத்தில் நாலு பேர். சம்பந்திகள் இருவரும் பின் சீட்டில் அக்கம் பக்கம். பாதி வழியில் வெள்ளையம்மாதான் கையைப் பிடித்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மதினி, ஒங்களுக்கு வேணும்னு" என்றார். சீனியம்மா, "நீங்க அந்தப் பொகையிலைச் சனியனை அன்னைக்கே துப்பியிருக்கலாம்ல" என்றார். அதன் பிறகு அருப்புக்கோட்டை வரும்வரை இருவரும் பேச்சை நிறுத்தவில்லை.

வெள்ளையம்மாவை மதுரைக்கு அனுப்பினார்கள். சதை எடுத்துப் பார்த்ததில் புற்றாகத் திரும்பத் தொடங்கியிருந்தது, தொடக்கம்தான். சின்ன அறுவையோடு முடிந்தது. சீனியம்மாவை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மாரடைப்பு இரண்டாவது தடவை வந்திருக்கும் என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் நான் கட்டில் பக்கத்தில் இருந்தபோது மாரிச்சாமி வந்தார். சலவை வேட்டி, கையில் தாம்பாளம். அதில் இளநீர், வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை பாக்கு மட்டும் இல்லை, நடுவில் அந்த எவர்சில்வர் சம்படம். வார்டே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் பெண் வீட்டுக்குத் தாம்பாளம் தூக்கி வருவதை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சீனியம்மா பதறி எழுந்தார். "என்னண்ணே இது, நீங்க போயி..."

"ஒக்காரு. மாப்பிள்ளைக்குத் தகப்பன்னு நீ மரியாதை குடுத்த, வாங்கிக்கிட்டேன். ஒனக்கு நான் அண்ணன் மொறைங்கிறதை ரெண்டு பேருமே மறந்துட்டோம். தங்கச்சிக்கு அண்ணந்தான் சீரு கொண்டாரணும்."

தாம்பாளத்தை அவர் மடியில் வைத்தார். மீசைக்காரர் கண் கலங்கி நின்றதை நான் பார்க்காத மாதிரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அதே கதிதான். மறுவாரம் அவர் சுகாதார நிலைய வரிசையில் நின்றார். "சீக்காளின்னு சொல்றவன் சொல்லிட்டுப் போகட்டும்" என்று முன்னால் நின்றவரிடம் சொன்னாராம், கேட்காமலேயே.

விசாரிக்க வந்தவர்களிடம் டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார், மறைக்கவில்லை. கேள்வித்தாளின் அடுத்த பதிப்பில் நாற்பத்தேழாவது கேள்வி வந்தது. வரைவைக் காட்டி, "இப்ப கட்டம் இருக்கா, மல்லிகா?" என்று கேட்டார்.

இப்போது பத்திரிகையில் இதயத்தைப் பற்றியும் புற்றைப் பற்றியும் புதுப் புது ஆராய்ச்சிகள் வருகின்றன. "ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்துள்ளனர்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்குச் சேலையை மென்ற அந்த ஆடுதான் ஞாபகத்துக்கு வரும். நல்ல வேலை பார்த்திருக்கிறேன் என்று அப்போது தோன்றும்.

இதையெல்லாம் கவிதாவிடம் போனில் சொல்லி முடித்தேன். அவளுக்குக் கையில் கணினிப் பலகை, அளவை அதுவே எழுதிக்கொள்கிறது, பூஜ்யத்துக்கு வழியில்லை. சிரித்துக்கொண்டே இருந்த அந்த அம்மா யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போனில் பெயர் சொல்லக் கூடாது.

"அந்தம்மாவுக்குப் பிரஷர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன்.

"அதைச் சொல்லக் கூடாதுல்லக்கா. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"சரிதான். அட்டையைத் திருப்பிப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. மொத ஓட்டை கசங்கி அழுக்கா இருந்துச்சு. கடைசி ஓட்டை புத்தம் புதுசு, இன்னைக்குக் காலையில பிதுக்குனது."